குழாயில் படம் பெரிசு, எண் எங்கே?



‘பால் பல்லுதானே, விழுந்தா வேற முளைக்கும்’ என்கிற பேச்சு நம்மிடையே இன்னும் போகவில்லை. மலேசியாவில் 2015-இல் எடுத்த தேசிய ஆய்வில், ஐந்து வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 71 பேருக்குச் சொத்தைப் பல் இருந்தது. கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. அவை சொத்தையானால் பிள்ளைக்குச் சாப்பாடு இறங்காது, ராத்தூக்கம் கெடும், படிப்பும் கெடும். தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடும் தாய்க்கு அன்றைய பேரும் போகும்.

பிள்ளைகளுக்கென்றே பற்பசை விற்கிறார்களே, அது போதாதா? இங்கேதான் வியாபாரத் தந்திரம் இருக்கிறது. குழாயில் பொம்மைப் படம், பழ வாசனை. எடைக்கு எடை பார்த்தால் பெரும்பாலும் விலையும் கூடுதல். ஆனால் பல்லைக் காப்பது புளோரைடு. இனிப்பைத் தின்னும் கிருமிகள் உண்டாக்கும் அமிலம் பல்லை அரிக்கிறது. அரித்த இடம் மறுபடி கெட்டிப்பட புளோரைடு உதவுகிறது.

பத்து லட்சம் பங்கில் 1,000 பங்காவது புளோரைடு இருந்தால்தான் தெளிவான பலன் என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2010-ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. உலகச் சுகாதார நிறுவனமும் 2021-இல், 1,000 முதல் 1,500 வரையுள்ள பற்பசையை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பிள்ளைகளுக்கான பசைகளிலோ சிலவற்றில் 500தான். சிலவற்றில் அறவே இல்லை.

ஆகவே படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ‘பிபிஎம்’ என்பதற்குப் பக்கத்திலுள்ள எண்ணைப் பாருங்கள். ஆயிரத்துக்குக் குறையாவிட்டால் வீட்டிலுள்ள சாதாரணப் பசையே போதும். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு. கூடப் போட வேண்டாம். தினமும் நிறைய விழுங்கினால் பின்னால் முளைக்கும் பல்லில் வெள்ளைத் திட்டு விழும். காலையிலும் படுக்கும் முன்பும் பெரியவர்களே துலக்கிவிடுங்கள். அதற்குப் பிறகு இனிப்புப் பால் புட்டியோடு தூங்க வைத்தால் துலக்கியதெல்லாம் வீண்.

தீபகற்பத்தில் குடிநீரில் புளோரைடு சேர்க்க 1972-இல் அரசாங்கம் முடிவு செய்தது. கிணற்றையும் ஆற்றையும் நம்பியிருக்கும் லயங்களுக்கு அது எட்டாது. அங்கே பற்பசைதான் துணை. எனவே நாம் கேட்க வேண்டியவை இரண்டு: அந்த எண்ணைக் குழாயின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போடட்டும், ஆயாக் கொட்டகையுள்ள தோட்டங்களில் பிள்ளைகள் பல் துலக்க நிர்வாகம் பசையும் பிரஷும் கொடுக்கட்டும். அடுத்த கிளைக் கூட்டத்தில் சம்பளக் கணக்கோடு இதையும் எழுப்புங்கள்.