பீரோவில் உறங்கும் லென்ஸ்களுக்குக் கடற்கரையில் வேலை இருக்கிறது

தனுஷ்கோடி வெயில் ஒரு லென்ஸின் தரத்தை ஒரே முற்பகலில் சொல்லிவிடும். இரண்டு பக்கமும் கடல், நடுவே வெண்மணல், ஒதுங்க நிழலில்லாத சாலை. ஒளி மேலிருந்து மட்டும் வருவதில்லை. மணலிலும் நீரிலும் பட்டுக் கீழிருந்தும் எழுகிறது. பூச்சு தேய்ந்த கண்ணாடி என்றால் படம் முழுக்கப் பால் கலந்ததுபோல வெளிறிவிடும். நல்ல கண்ணாடி என்றால் மணலின் வரிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும்.

2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டபின் கேமராவோடு இங்கே வருவோர் பெருகிவிட்டார்கள். பலர் மாதத் தவணையில் வாங்கிய புது லென்ஸோடு வருகிறார்கள். சிலர் மட்டும் அப்பா காலத்து லென்ஸை ஒரு அடாப்டர் வளையத்தின் துணையோடு இன்றைய கேமராவில் பொருத்திக்கொண்டு வருகிறார்கள். பொழுதுபோக்காகப் படமெடுப்பவர்களுக்கு, அதிலும் கையில் காசு குறைவாக உள்ள இளைஞர்களுக்கு, இந்த இரண்டாவது வழியைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஆனால் அந்த வழி எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ராமநாதபுரம் கடற்கரையில் அது பொருந்தாத இடம் எது என்பதும் தெளிவாகவே தெரிகிறது: பறவைகள் நிற்கும் நீர்நிலைகள்.

முதலில் இது எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். ஒவ்வொரு கேமரா வகைக்கும் லென்ஸ் உட்காரும் உலோக விளிம்பிலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரை ஒரு நிலையான தூரம் உண்டு. எம்42 என்ற பழைய திருகு வகைக்கு அது 45.46 மில்லிமீட்டர். உள்ளே ஆடி (மிரர்) மேலும் கீழும் போய்வர இடம் வேண்டியிருந்ததால் அந்தக் காலத்து எஸ்.எல்.ஆர். கேமராக்கள் எல்லாமே ஏறக்குறைய இந்த அளவில்தான் இருந்தன. 2008-இல் பானசோனிக் ஜி1 வந்தபோது அந்த ஆடி போய்விட்டது, தூரமும் சுருங்கியது. சோனி இ வகையில் அது 18 மில்லிமீட்டர்தான். மிச்சமிருக்கும் 27.46 மில்லிமீட்டரை நிரப்ப ஓர் உலோகக் குழாய் போதும், உள்ளே கண்ணாடியே தேவையில்லை. சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும் அந்தக் குழாய்தான் அடாப்டர்.

பழைய கேனான் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்போரும் வருத்தப்பட வேண்டாம். அதன் தூரம் 44 மில்லிமீட்டர் என்பதால் ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள வளையமே எம்42 லென்ஸைத் தாங்கிவிடும். நிக்கான் டி.எஸ்.எல்.ஆருக்கு மட்டும் இது சரிவராது. அதன் தூரம் 46.5 மில்லிமீட்டர், அதாவது எம்42-ஐவிடக் கூடுதல். வளையம் போட்டால் தொலைவில் உள்ள எதுவும் ஃபோகஸ் ஆகாது. கடலை எடுக்க வந்தவருக்குத் தொடுவானமே கிடைக்காமல் போகும். நிக்கான்காரர்கள் பழைய நிக்கான் லென்ஸ்களையே தேடுவது நல்லது. அவற்றில் பெரும்பாலானவை வளையமே இல்லாமல் நேராகப் பொருந்தும்.

லென்ஸ்கள் எங்கே கிடைக்கும்? பென்டாக்ஸ் கே1000, யாஷிகா எஃப்.எக்ஸ்.-3, நிக்கான் எஃப்.எம்.10 ஆகியவை ஒரு காலத்தில் நம் ஊர் ஸ்டுடியோக்களிலும் கல்யாண வீடுகளிலும் உழைத்த கேமராக்கள். கே1000 மட்டும் 1976-இலிருந்து 1997 வரை, இருபத்தோரு ஆண்டுகள் தயாரிப்பில் இருந்தது. டிஜிட்டல் வந்ததும் உடல்கள் செத்தன. அவற்றோடு வந்த 50 மில்லிமீட்டர் லென்ஸ்கள் சாகவில்லை. மூடிய ஸ்டுடியோக்களின் பீரோவில், தாத்தாவின் தோல் உறைக்குள், பழைய சாமான் கடைகளில் அவை இன்னும் கிடக்கின்றன. டார்ச் அடித்துப் பார்த்து உள்ளே சிலந்தி வலைபோல் பூஞ்சை படரவில்லை, அபெர்ச்சர் தகடுகளில் எண்ணெய் கசியவில்லை, ஃபோகஸ் வளையம் இறுகவில்லை என்று உறுதிசெய்துகொண்டால் அதைவிட மலிவான நல்ல கண்ணாடி கிடைக்காது.

அப்படிக் கிடைத்ததை எதில் சோதிப்பது என்பதற்கு இந்தக் கடற்கரை ஏராளமாகத் தருகிறது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. எஞ்சி நிற்கும் தேவாலயச் சுவர்களும் ரயில் நிலையத்தின் மிச்சங்களும் அசையாதவை, அவசரப்படுத்தாதவை. கையால் ஃபோகஸ் செய்யப் பழகுபவருக்கு அவை பொறுமையான ஆசிரியர்கள். பவளக்கல் அடுக்கிய சுவரின் சொரசொரப்பில் லென்ஸின் கூர்மை தெரியும். இடிந்த சன்னல் வழியே நேராக வரும் வெயிலில் அதன் பலவீனம் தெரியும். சோவியத் நாட்டில் செய்யப்பட்ட ஹீலியோஸ் 44-2 லென்ஸ் பின்னணியைச் சுழற்றிக் காட்டுவதற்குப் பெயர்போனது. 58 மில்லிமீட்டர், எஃப்2 அளவுள்ள அது ஜெர்மனியின் ஜைஸ் பயோடார் வடிவத்திலிருந்து பிறந்தது. திறந்த மணல்வெளியில் அந்தச் சுழலைக் காண முடியாது. ராமநாதபுரம் சாலையோரச் சீமைக்கருவேலங்களின் பொடி இலைகளுக்குள் மாலை வெயில் நுழையும்போது, அதை முதுகுக்குப் பின்னால் வைத்து ஒருவரை நிறுத்திப் பாருங்கள்: நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்று எல்லாரும் ஏசும் அந்த மரம் முகத்தைச் சுற்றி ஒளிவட்டங்களாக மாறி நிற்கும்.

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய லென்ஸின் பெரிய பலன் சுழலும் இல்லை, சிக்கனமும் இல்லை. அது படமெடுப்பவரை நிதானப்படுத்துகிறது. ஏ.பி.எஸ்.-சி என்ற சிறிய சென்சாரில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் 75 மில்லிமீட்டர்போல நடந்துகொள்ளும். முகங்களுக்கு ஏற்ற அளவு. ஆனால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி முடிக்கும்வரை எதிரே இருப்பவர் நம்மோடு இருக்க வேண்டும். பாம்பன் துறையில் வலை பொத்துகிற மீனவரைத் தூரத்திலிருந்து சுட்டுவிட்டு ஓட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து, ‘படம் எடுக்கலாமாண்ணே?’ என்று கேட்டு, நாலு வார்த்தை பேசிய பிறகுதான் எடுக்க முடியும். திருப்புல்லாணிப் பக்கம் பாரதிநகரில் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி ‘பாரி’ இணைய இதழில் 2019-இல் வந்த எம். பழனி குமாரின் படங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்தப் படங்களின் வலு அருகிலிருந்து வருகிறது. அந்தப் பெண்கள் அவரை அருகில் வரவிட்டதால் கிடைத்த வலு அது. அந்த நெருக்கத்தை எந்த லென்ஸும் விலைக்குத் தராது. கைத்திருகு லென்ஸ் அதை நோக்கி ஒருவரைத் தள்ளிவிடும்.

அகலக் கோணத்தில் மட்டும் பழையதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். அந்தக் காலத்து 28 மில்லிமீட்டர் இன்றைய சிறிய சென்சாரில் 42 ஆகிவிடும், ஓரங்களும் குழையும். பாம்பனில் 1914-இல் திறந்த பழைய பாலத்தின் தூக்கு இரும்பையும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் செங்குத்தாக எழும்பும் 72.5 மீட்டர் தூக்குப் பகுதியையும் ஒரே சட்டத்தில் பிடிக்க நினைப்பவர் புதிதாக ஒரு அகல லென்ஸ் வாங்குவதே மேல். சீனாவிலிருந்து வரும் செவன் ஆர்ட்டிசன்ஸ், டிடி ஆர்ட்டிசன் போன்றவை கைத்திருகு வகையில் மலிவாகவே கிடைக்கின்றன. பழையது நல்லது என்பது ஒரு மதம் ஆகிவிடக் கூடாது.

இனி பூநாரைகள். 2025 ஜூனில் தமிழ்நாடு அரசு தனுஷ்கோடியில் பெரும்பூநாரைச் சரணாலயத்தை அறிவித்தது. கோதண்டராமர் கோயில் பக்கத்து ஆழமற்ற நீர்ப்பரப்பில் குளிர்காலத்தில் அவை கூட்டமாக நின்று மேயும். மாவட்டத்தின் உள்ளே சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் என்று ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பறவை நீர்நிலைகள் நான்கு உள்ளன. இங்கெல்லாம் 50 மில்லிமீட்டர் லென்ஸோடு போகிறவருக்குப் பூநாரை ஒரு புள்ளியாகத்தான் தெரியும். புள்ளியைப் பெரிதாக்க அவர் சேற்றில் இறங்குகிறார். இன்னும் பத்தடி, இன்னும் பத்தடி. ஒரு பறவை தலை தூக்குகிறது, அடுத்தது நடக்கத் தொடங்குகிறது, பிறகு கூட்டமே எழும்புகிறது. நெடுந்தொலைவு கடந்து வந்த பறவை மேய வேண்டிய நேரத்தில் பறக்கிறது. படம் எடுத்தவர் ‘சிறகு விரித்த அழகு’ என்று பகிர்கிறார். அந்தச் சிறகு விரிந்தது பயத்தில்.

ஆகவே லென்ஸைத் தேர்ந்தெடுப்பது இங்கே ரசனை மட்டுமல்ல. பறவையைப் பெரிதாக எடுக்க விரும்புகிறவரிடம் நீண்ட லென்ஸ் இருக்க வேண்டும். இல்லையென்றால் கரையில் நின்று, பறவைகளைப் புள்ளிகளாகவே வைத்து, நீரும் வானமும் நிறைந்த நிலக்காட்சியாக எடுக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. பழைய லென்ஸ்களிலும் இதற்கு ஓர் இடைவழி சொல்வார்கள்: உள்ளே ஆடிகளைக் கொண்ட 500 மில்லிமீட்டர் ‘மிரர்’ லென்ஸ். எடை குறைவு, விலை குறைவு. ஆனால் அபெர்ச்சர் எஃப்8-இலேயே நின்றுவிடும், ஃபோகஸ் மயிரிழை தப்பினாலும் பறவை மங்கும், மின்னும் நீர்ப்பரப்பு பின்னணியில் இருந்தால் ஒவ்வொரு மினுக்கமும் உளுந்துவடையாக மாறிப் படத்தை நிறைக்கும். பழகிப் பார்க்கலாம், நம்பிப் போக முடியாது. டாம்ரான், சிக்மா ஆகியவற்றின் 150-600 மில்லிமீட்டர் லென்ஸ்கள்தான் பொழுதுபோக்குக்காரர்களின் பறவைக் கருவியாக இருக்கின்றன. ஏறத்தாழ இரண்டு கிலோ எடை. விலையோ நடுத்தரக் குடும்பம் யோசிக்க வேண்டிய அளவு.

உப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அடாப்டர் போட்ட கேமராவுக்கு இணைப்புகள் இரண்டாகின்றன. தூசி தடுக்கும் ரப்பர் வளையம் எதிலும் இருக்காது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலை முழங்கால் உயரத்துக்கு வாரி வீசும்போது அரிச்சல்முனையில் லென்ஸை மாற்றுவது சென்சாருக்குச் செய்யும் துரோகம். அறையிலேயே மாட்டிக்கொண்டு வந்து, அறைக்குப் போன பிறகே கழற்ற வேண்டும். நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் உலோகப் பகுதிகளைத் துடைத்து உலர்த்தாவிட்டால் அலுமினியத்தில் வெள்ளையாகப் பூக்கும். பிறகு சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பா. கடலோரத்து ஈரத்தில் தோல் உறைக்குள் பூட்டிவைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை விடும் அமிலம் கண்ணாடியையே அரித்துவிட்டால் எந்த மெக்கானிக்காலும் மீட்க முடியாது. வெளியே எடுத்துப் பயன்படுத்துகிற லென்ஸ்தான் நெடுநாள் பிழைக்கிறது.

இதையெல்லாம் தனிமனித ஆர்வத்துக்கே விட்டுவிடக் கூடாது. மாவட்டத்தின் கல்லூரிகளில் புகைப்பட மன்றம் ஒன்று தொடங்கி, ஊரில் சும்மா கிடக்கும் கைத்திருகு லென்ஸ்களை நன்கொடையாகப் பெற்று, நாலைந்து அடாப்டர்களோடு மாணவர்களுக்கு நூலகப் புத்தகம்போல இரவல் தரலாம். தவணைக் கடனில் விழுவதற்கு முன் தனக்கு எந்த அளவு லென்ஸ் தேவை என்று ஒரு பிள்ளை அங்கே கற்றுக்கொள்ளும். சரணாலயத்தின் விளிம்பில் வனத்துறை மறைவிடக் கூண்டும் நிலையான தொலைநோக்கியும் அமைத்து, நீண்ட லென்ஸ் ஒன்றை மணிக்கணக்கில் வாடகைக்குத் தந்தால் யாரும் சேற்றில் இறங்கத் தேவையிருக்காது. மறைவிடத்துக்கு வெளியே நீருக்குள் நடப்பவருக்கு அபராதமும் போடலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பூநாரைகள் வந்து சேரும் முன் முதல் கூண்டையாவது கோதண்டராமர் கோயில் பக்கம் அமைத்துவிட வேண்டும்.