நீச்சல் தெரியுமா?

அவர் நல்ல நீச்சல்காரர். பார்க்கின்சன் நோய்க்கு ஆழ்மூளைத் தூண்டல் அறுவை செய்துகொண்டவர். நடை தேறிவிட்ட தெம்பில் ஏரியில் குதித்தார். கையும் காலும் சேர்ந்து இயங்கவில்லை. குடும்பத்தார் ஒருவர் இழுத்துக் கரைசேர்த்ததால் பிழைத்தார். சூரிக் மருத்துவர்கள் 2019-இல் ‘நியூராலஜி’ இதழில் விவரித்த, இந்த அறுவைக்குப் பின் நீச்சலை இழந்த ஒன்பது பேரில் இவரும் ஒருவர். ஒன்பது பேருமே முன்பு நன்றாக நீந்தியவர்கள். மூவர் தூண்டல் கருவியை அணைத்துப் பார்த்தார்கள்; நீச்சல் உடனே திரும்பியது. ஆனால் நோயின் மற்ற தொல்லைகள் கூடிவிடவே, மறுபடி கருவியை இயக்க வேண்டியதாயிற்று.

நீர்ப்பயிற்சியே வேண்டாம் என்பதற்கு இது சாட்சி ஆகாது. தொப்புளளவு நீரில் நிற்பவரின் கால்கள் உடல் எடையில் ஏறக்குறைய பாதியைத்தான் சுமக்கின்றன. நிலை தடுமாறினாலும் நீர் அந்தச் சரிவை மெதுவாக்குகிறது. அசைவு மந்தப்பட்டவருக்கு அடுத்த அடியை எடுத்து வைக்க அவகாசம் கிடைக்கிறது. தரையில் திரும்பவே அஞ்சுகிறவர் குளத்தில் பக்கவாட்டில் நடக்கிறார், ஒற்றைக் காலில் நின்று பார்க்கிறார். ஜப்பானின் ஜுன் கொன்னோ வடிவமைத்த ‘ஆய் சி’யில் தோளளவு நீரில் நின்று, மூச்சோடு இணைத்துக் கைகளையும் உடலையும் நிதானமாக அசைப்பார்கள். விறைப்பில் இறுகிய முதுகுக்கு ஏற்ற பயிற்சி அது.

சான்றும் இருக்கிறது. 2023-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு பார்க்கின்சன் நோயாளிகளுக்கான பலவகை உடற்பயிற்சிகள் பற்றிய 156 சோதனைகளை, 7,939 பங்கேற்பாளர்களின் தரவுகளை அலசியது. வாழ்க்கைத் தரத்தை உயர்த்துவதில் நீர்ப்பயிற்சிக்குப் பெரிய பங்கு இருக்கக்கூடும் என்றது. பெரும்பாலான சோதனைகள் சிறியவை என்பதால் அந்த ‘இருக்கக்கூடும்’ என்ற சொல்லை விட்டுவிடாமல் படிக்க வேண்டும்.

அதே தொகுப்பில் பயிற்சி அளிக்கும் நம் துறை கூச வேண்டிய எண் ஒன்றும் உண்டு. 156-இல் 85 சோதனைகள்தான் பாதுகாப்பைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தன. எத்தனை பேர் வழுக்கினார்கள், யாருக்குத் தலைசுற்றியது? மற்றவற்றில் அந்தப் பேச்சே இல்லை.

பலரும் கவனிக்காத இடம் குளத்தின் படி. நீருக்குள் இருக்கும்வரை அதன் அழுத்தம் கால்களில் ரத்தம் தேங்கவிடாது. மேலே வந்ததும் அந்த அணைப்பு போய்விடும். எழுந்தாலே ரத்த அழுத்தம் சரிகிற நோயாளிக்கு அந்த நாலு படிகள் போதும். கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுபோகிறவருக்கும் படியோரம் ஆபத்துதான். லெவோடோபா மருந்து வேலை செய்யும் நேரமாகப் பார்த்துப் பயிற்சியை வைப்பது, கூடவே ஒருவர் நீருக்குள் நிற்பது, வெளியே வந்தவரைச் சற்று உட்காரவைப்பது: இவற்றுக்குச் செலவு எதுவும் பெரிதாக இல்லை.

“நீச்சல் தெரியுமா?” என்ற கேள்விக்கு “சின்ன வயசிலேயே தெரியும்” என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். மூளையில் கருவி வைத்திருக்கிறாரா, வைத்த பிறகு ஆழமில்லாத நீரில், ஆள் துணையோடு நீந்திப் பார்த்தாரா என்றும் கேளுங்கள். இந்த இதழுக்குக் கட்டுரை அனுப்பும்போது பயிற்சியில் நேர்ந்த சறுக்கல்களையும் ஒரு பத்தியில் எழுதுங்கள். எதுவும் நேரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.