பயணியின் பக்கம்: கப்பல் நிற்கும் நாளில் எந்த ரயில்?



முன்பதிவுச் சீட்டை ரத்துச் செய்யும் முறைபற்றிச் சென்ற மாதம் இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதனைப் படித்த சகோதரி ஒருவர் ஹாடோவிலிருந்து ஒரு கடிதம் விடுத்திருக்கிறார். "பள்ளி விடுமுறையில் கப்பலேறி மெயின்லேண்ட் வருகிறோம். திரும்பும் கப்பலுக்கு ஒன்பது நாள் இடைவெளி இருக்கிறது. பிள்ளைகள் இருவரும் ரயிலையே கண்டறியாதவர்கள். இயற்கைக் காட்சி நிறைந்த ரயில் ஒன்றில் ஒரு நாளாவது அவர்களை ஏற்றிக் காட்ட ஆசை. எதைத் தேர்ந்தெடுப்பது?" என்பது அவர் வினா.

கடிதத்தைப் படித்ததும் என் இளமை நினைவுக்கு வந்தது. நானும் தீவில் பிறந்தவனே. இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்றிருக்கும் போர்ட் பிளேரிலேதான் பத்தாம் வகுப்புவரை பயின்றேன். நம் தீவுகளில் மக்கள் ஏறிச் செல்லும் ரயில் என்றும் இருந்ததில்லை. டிக்லிப்பூர்வரை இருப்புப்பாதை அமைப்பதுபற்றி 2017ஆம் ஆண்டில் பேச்சு அடிபட்டது. பேச்சளவில்தான் அது நின்றது. ஆதலின், நான் முதன்முதலாக ரயிலைக் கண்டது பதினெட்டாவது வயதில், சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய அன்று மாலையில்தான். அப்படிப்பட்டவன் இன்று ரயில்வேயில் எழுத்தராக அமர்ந்து பிறருக்குச் சீட்டு எழுதுகிறேன் என்றால், விதியின் விளையாட்டை என்னென்பது!

நிற்க. விடை கூறுமுன் வெளிநாட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லுகிறேன். உல்லாசக் கப்பல்கள் ஒரு துறைமுகத்தில் சில மணி நேரமே தங்கும். அதற்குள் மலை ரயிலேறித் திரும்புவது அப்பயணிகளுக்கு ஒரு பெரிய கேளிக்கை. அமெரிக்காவின் அலாஸ்காவில் ஸ்காக்வே என்னும் துறைமுகத்திலிருந்து, 1900ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற குறுகிய பாதை ரயில் ஒன்று மலையேறுகிறது. நார்வே நாட்டில் பிளாம் என்னும் சிற்றூரில் கடல் மட்டத்தில் புறப்படும் ரயில், ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் 866 மீட்டர் உயரத்தை எட்டிவிடுகிறது. இவ்விரண்டிலும் சிறப்பு யாதெனில், கப்பலைவிட்டு இறங்கிய இடத்திற்கு அருகிலேயே ரயில் நிற்கும். கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்த உலாவாயின், வண்டி தாமதித்தாலும் பெரும்பாலும் கப்பல் காத்திருக்கும். பயணி தானே சீட்டு வாங்கிச் சென்றால் காத்திராது.

நம் நிலைமை வேறு. நம்மைச் சுமந்து வரும் கப்பல் உல்லாசத்திற்கானதன்று; அது நம் உயிர்நாடி. சென்னையாயினும், விசாகப்பட்டினமாயினும், கொல்கத்தாவாயினும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல். மூன்று நாள் பயணம். ஒரு கப்பலைத் தவறவிட்டால் அடுத்த கப்பல் என்று வரும், அதில் இடம் கிடைக்குமா என்பதெல்லாம் ஆண்டவனுக்கே வெளிச்சம். விமானக் கட்டணமோ நால்வர் குடும்பத்தை நடுங்க வைக்கும். ஆதலின் நமக்கு முதல் விதி: ரயில் நமக்காகத் தாமதிக்கலாம்; கப்பல் தாமதியாது.

இனி, தேர்ந்தெடுக்கத்தக்க மூன்று பாதைகளைப் பார்ப்போம்.

முதலாவது நீலகிரி மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம்வரை 46 கிலோமீட்டர். 1899இல் குன்னூர்வரையிலும், 1908இல் உதகை வரையிலும் ஓடத் தொடங்கியது. 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏற்றம் மிகக் கடுமையாதலின், தண்டவாளங்களின் நடுவே பல் பதித்த இரும்புச் சட்டம் போடப்பட்டிருக்கிறது. எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். எஞ்சின் முன்னின்று இழுப்பதில்லை, பின்னின்று தள்ளும். 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. மேலே செல்ல ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். குழந்தைகளுக்கு இதைவிட வியப்பு வேறில்லை.

ஆனால் குறைகளையும் கூறவேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் புறப்படும் வண்டியில் இருக்கைகள் சிலவே. முன்பதிவு தொடங்கியதும் நிறைந்துவிடும். சென்னையிலிருந்து போக ஓர் இரவு, வர ஓர் இரவு. எல்லாவற்றிற்கும் மேலாக, ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து பாதை அடைபடுவது அடிக்கடி நிகழ்வது.

இரண்டாவது, விசாகப்பட்டினத்திலிருந்து அரக்கு. அங்கே இறங்கும் நம்மவர்க்கு இது வாசலிலேயே இருக்கும் விருந்து. பைலாதிலா மலையின் இரும்புத் தாதுவைத் துறைமுகத்திற்குக் கொணர 1960களில் ஜப்பான் நாட்டின் ஒத்துழைப்புடன் அமைத்த பாதை இது. கிழக்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட குகைகள். வழியில் உள்ள சிமிலிகுடா நிலையம் கடல் மட்டத்திற்கு மேல் 996 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலை ஏழு மணியளவில் கிரந்துல் வண்டி புறப்பட்டு, முற்பகலில் அரக்கு சேரும். 2017 முதல் கண்ணாடிக் கூரையுள்ள பெட்டி ஒன்றும் இப்பாதையில் இணைக்கப்பட்டது. ஒரே நாளில் சென்று திரும்பலாம் என்பது இதன் பெருஞ்சிறப்பு. எனினும் இப்பாதையில் தாது வண்டிகளின் நெரிசல் மிகுதி. மாலை வண்டி இரவில் எந்நேரம் வந்து சேரும் என்று உறுதி கூற இயலாது. போகும்போது ரயில், வரும்போது பேருந்து என்று வைத்துக்கொள்வது நலம். கப்பல் புறப்படும் நாளிலோ, அதற்கு முந்திய நாளிலோ இதை மேற்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது பாம்பன். இதில் மலை இல்லை, கடல்தான். "கடலைப் பார்த்துச் சலித்த நமக்குக் கடலா?" என்று நீங்கள் கேட்பீர்கள். ஆனால் கடலின்மேல் ரயிலில் செல்வது வேறு அனுபவம். 1914இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில்கள் நின்றன. 2 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமுள்ள புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. பழைய பாலத்தின் நடுப்பகுதி இரு கைகள் விரிவதுபோல் இருபுறமும் உயரும், புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே நேர்மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிடும்.

இம்மூன்றில் எது சிறந்தது? இவ்வினாவிற்கு நான் ஒருமுறை தவறாக விடையளித்தேன். அதனை மறைக்காமல் கூறிவிடுகிறேன்.

2023ஆம் ஆண்டு ஐப்பசியில் என் அக்காள், அத்தான், பிள்ளைகள் இருவருடன் கப்பலில் வந்தார்கள். திரும்பும் கப்பலுக்கு ஏழு நாள். பரமக்குடிப் பக்கம் எங்கள் கிராமத்தில் அப்பத்தா இருக்கிறார். எண்பது வயது. பேரன் பேத்தியின் பிள்ளைகளை அவர் அதுவரை படத்தில்தான் கண்டிருந்தார். "முதலில் ஊருக்குப் போய்விடுவோமடா, தம்பி" என்றார் அக்காள். நானோ ரயில்வேக்காரன் என்ற பெருமிதத்தில், "முதலில் மலை ரயில்; பிறகு ஊர். மேட்டுப்பாளையம் சீட்டு கிடைப்பது குதிரைக்கொம்பு. நான் வாங்கி வைத்துவிட்டேன்" என்று வாயடைத்தேன். அத்தான் என் பேச்சைத் தட்டாதவர், உடன்பட்டார்.

இரவு வண்டியில் மேட்டுப்பாளையம் போய் இறங்கினோம். மழை கொட்டிக்கொண்டிருந்தது. மண் சரிந்ததால் மலை ரயில் ரத்து என்று அறிவித்தார்கள். மறுநாள் ஓடும் என்று யாரோ கூற, அதை நம்பி விடுதி எடுத்தேன். மறுநாளும் ஓடவில்லை. சீட்டுப் பணம் திரும்பியது, நாள் திரும்பவில்லை. பிள்ளைகள் நிலையத்தில் நின்ற நீலப் பெட்டிகளைத் தொட்டுப் பார்த்ததோடு சரி. சென்னைக்கு வந்து விசாரித்தால் கப்பல் ஒரு நாள் முன்னதாகவே புறப்படும் என்று அறிவிப்பு. கிராமத்திற்குப் போய்த் திரும்ப அவகாசமில்லை. துறைமுக வாசலில் அக்காள் என்னோடு பேசவே இல்லை.

அன்றிரவு அப்பத்தா தொலைபேசியில் அழைத்தார். முறுக்குச் சுட்டு வைத்துக் காத்திருந்தவர் அவர். கோபிப்பார் என்று அஞ்சினேன். "ஏப்பா, புள்ளைக ரயிலைப் பாத்தாகளா? சந்தோசமா போனாகளா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் என் நெஞ்சில் தைத்துக்கொண்டிருக்கிறது.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார் வள்ளுவர். அரசனுக்காக வகுத்தவை அவை. எழுத்தனாகிய எனக்கும் அவை பொருந்தும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். பணத்தையும் உடல் வலிவையும் அறிந்தேன், மழைக்காலத்தை அறியவில்லை, பிள்ளைகளை முதலில் கொண்டு நிறுத்த வேண்டிய இடத்தையும் அறியவில்லை.

2025 கோடையில் அவர்கள் மீண்டும் வந்தார்கள். இம்முறை நான் வாய் திறக்கவில்லை. கப்பலிலிருந்து இறங்கிய அன்றிரவே பரமக்குடி வழியாகச் செல்லும் வண்டி. நான்கு நாள் கிராமத்தில் தங்கினோம். பிள்ளைகள் அப்பத்தாவின் மடியைவிட்டு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் அப்பத்தாவையும் அழைத்துக்கொண்டு, முன்பதிவு வேண்டாத பாசஞ்சர் வண்டியில் இராமேசுவரம் புறப்பட்டோம்.

மண்டபம் கடந்ததும் வண்டி மெல்லக் கடலின்மேல் ஏறியது. பிள்ளைகள் சன்னலோரம் கூவினார்கள். அப்பத்தா மட்டும் பேசாமல் நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலில், பயணிகளோடு ஒரு ரயில் வண்டியே கடலுக்கு இரையாயிற்று. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது அப்பத்தாவுக்கு இருபத்தொரு வயது. அந்தப் புயல் நம் அந்தமான் கடலின் தெற்கே உருவெடுத்து வந்தது என்று நான் கூறியபோது, அவர் என்னை வியப்போடு பார்த்து, "நீங்க இருக்குற எடத்துலேருந்தா வந்துச்சு?" என்றார். சற்றுப் பொறுத்து, "இப்பப் பாரு, எவ்வளவு சாதுவாக் கெடக்கு" என்று பிள்ளையின் கையைப் பற்றிக்கொண்டார்.

நம்முள் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்திற்கு வந்து குடியேறிய குடும்பங்களும் உண்டு. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்த பெரியோர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பாதை அவர்களுக்கு வேடிக்கைக் காட்சியன்று. வாழ்க்கை இரண்டாகப் பிரிந்த இடம். பேரப்பிள்ளைகளோடு ஒருமுறை அவ்வழியே சென்று, "இங்கேதான் இறங்கினேன்" என்று அவர்கள் காட்டுவார்களாயின், அதைவிடச் சிறந்த உலா எது?

ஆதலின், சகோதரிக்கு என் விடை இது. முதலில் சொந்த ஊருக்கு எத்தனை நாள் வேண்டும் என்று கணக்கிடுங்கள். கப்பல் புறப்படும் நாளுக்கு முன் இரண்டு முழு நாட்களைத் தனியே ஒதுக்கி, அவற்றைத் தொடாதீர்கள். கப்பல் தேதி முன்னும் பின்னும் மாறக்கூடியது. எஞ்சிய நாட்களில், உங்கள் ஊர் செல்லும் வழியிலோ அதன் அருகிலோ உள்ள பாதையைத் தேர்ந்தெடுங்கள். கோயமுத்தூர்ப் பக்கத்தவர் கோடையில் நீலகிரிக்குச் செல்லலாம். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். விசாகப்பட்டினத்தில் இறங்குவோர் வந்திறங்கிய மறுநாளே அரக்கு சென்றுவரலாம். இராமநாதபுரம், சிவகங்கை, மதுரைச் சீமையினர்க்குப் பாம்பன் இருக்கிறது. முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்னரே திறக்கிறது. கப்பல் சீட்டு உறுதியான பின்னரே ரயில் சீட்டு வாங்குங்கள். முதியோர் எவரேனும் உடன்வர இயலுமாயின் அவர்களுக்கும் ஓர் இருக்கை சேர்த்து வாங்குங்கள்.

அக்காள் குடும்பம் அவ்வாண்டு கப்பலுக்கு இரண்டு நாள் முன்னரே சென்னை வந்து சேர்ந்தது. கப்பலோ ஒரு நாள் தாமதம்! "இதற்கா இவ்வளவு அவசரம்?" என்று அத்தான் சிரித்தார். நாங்கள் மூன்று நாள் சென்னையில் சும்மா இருந்தோம். பிள்ளைகள் மின்சார ரயிலில் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் போய் வந்து மகிழ்ந்தார்கள். மூவருக்கும் அதற்கான செலவு ஒரு வேளைச் சிற்றுண்டிக்கும் ஆகவில்லை.

அப்பத்தா இப்போதும் கிராமத்தில் இருக்கிறார். அடுத்த முறை நீலகிரிக்குத் தம்மையும் அழைத்துப் போகவேண்டும் என்று கட்டளை. "மழையில்லாத மாசமாப் பாத்துச் சீட்டு எழுதுப்பா" என்று எனக்கே ஆலோசனையும் கூறியிருக்கிறார்.

அடுத்த திங்கள், கப்பல் மூட்டைகளை ரயிலில் பார்சலாக அனுப்பும் முறைபற்றி எழுதுவேன். ஐயம் உள்ளவர்கள் சங்க முகவரிக்கு எழுதுங்கள்.