சர்வர் படுத்தால் உங்களுக்கு யார் சொல்வது? கண்காணிப்பு அமைக்கும்முன் கவனிக்க வேண்டிய 5 விஷயங்கள்

2025 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை. இந்திய நேரப்படி மாலை 4.50 மணி வாக்கில் சாட்ஜிபிடி வரவில்லை, எக்ஸ் தளமும் வரவில்லை. 'நமக்கு மட்டும்தானா?' என்று பார்க்க டவுன்டிடெக்டரைத் திறந்தால், அதுவும் திணறியது. காரணம், மூன்றுமே கிளவுட்ஃப்ளேரை நம்பியிருந்தன. காவல்காரரும் பூட்டிய வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்ட கதைதான்.

இது பெரிய நிறுவனங்களின் தலைவலி மட்டும் இல்லை. கொச்சியை ஒட்டிய களமசேரியில், கின்ஃப்ரா ஹைடெக் பூங்காவுக்குள் கேரள ஸ்டார்ட்அப் மிஷனின் வளாகம் 2019 முதல் இயங்குகிறது. அங்கேயோ, சென்னை தரமணியிலோ, கோவையிலோ ஒரு சின்ன டீமில் நீங்கள் இருந்தால், இரவில் சர்வரைப் பார்க்கத் தனி ஆள் இருக்க வாய்ப்பு குறைவு. கோடு எழுதுபவரேதான் காவலும் காக்கணும். அப்படியானால் எதையெல்லாம் யோசிக்க வேண்டும்?

1. எங்கிருந்து பார்ப்பது?

சர்வர் இருக்கும் அதே கிளவுடில் கண்காணிப்பையும் வைத்தால், இரண்டும் ஒன்றாகவே விழும். குறைந்தது ஒரு சோதனையாவது வேறு நிறுவனத்தின் இடத்திலிருந்து ஓடட்டும். ஜோஹோவின் சைட்24x7 போன்ற சேவைகளைப் பயன்படுத்தலாம். இல்லையென்றால், வேறொரு கிளவுடில் சின்ன சர்வர் எடுத்து அப்டைம் குமா மாதிரியான இலவச மென்பொருளை நிறுவலாம்.

2. எதைப் பார்ப்பது?

பிங் போகிறது என்றால் மெஷின் உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான். லாகின் ஆகுதா, பணம் கட்ட முடியுதா என்பது அதில் தெரியாது. பக்கத்தில் வரவேண்டிய ஒரு சொல் வருகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். டிஸ்க் நிரம்புவது, எஸ்எஸ்எல் சான்றிதழும் டொமைனும் காலாவதியாகும் தேதி ஆகியவையும் பட்டியலில் இருக்கட்டும். இரவு நேர பேக்கப்புக்கு முறையைத் திருப்பிப் போடுங்கள்: வேலை முடிந்ததும் அது சிக்னல் அனுப்ப வேண்டும், சிக்னல் வராவிட்டால் அலர்ட் வர வேண்டும்.

3. எவ்வளவு அடிக்கடி?

'எங்கள் தளம் 99.9% நேரம் இயங்கும்' என்று வாக்குக் கொடுத்தால், 30 நாள் மாதத்தில் சுமார் 43 நிமிடம்தான் படுக்கலாம். 5 நிமிடத்துக்கு ஒரு சோதனை, மூன்று முறை தோற்றால் அலர்ட் என்று வைத்தால், உங்களுக்குத் தெரிவதற்கே கிட்டத்தட்ட 15 நிமிடம் போய்விடும்.

அதற்காக விநாடிக்கு விநாடி கேட்பதும் ஆபத்து. 2025 ஏப்ரல் 12 அன்று யுபிஐ மணிக்கணக்கில் தடுமாறியது நினைவிருக்கலாம். 'பணம் போய்ச் சேர்ந்ததா?' என்ற நிலைச் சோதனைகளைச் சில வங்கிகள், பழைய பரிவர்த்தனைகளுக்கும் சேர்த்து, திரும்பத் திரும்ப அனுப்பியதே காரணம் என்றது என்பிசிஐ. அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல், நிலுவையில் உள்ள பரிவர்த்தனையின் நிலையை 3 முறைதான், 90 விநாடி இடைவெளி விட்டுத்தான் கேட்கலாம் என்று வரம்பு வந்தது. நலம் விசாரிப்பதே நோயாகிவிடக் கூடாது.

4. அலர்ட் யாருக்கு?

எல்லோருக்கும் போகும் அலர்ட்டை யாரும் பார்ப்பதில்லை. இந்த வாரம் யார் பொறுப்பு, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்று பெயர் எழுதி வையுங்கள். தூக்கத்தில் எழுப்பும் அளவுக்கு அவசரமானதற்கு மட்டும் போன் கால், மற்றவை காலையில் மெயிலில் வரட்டும். தினமும் பத்து பொய் அலர்ட் வந்தால், பதினோராவது உண்மை அலர்ட்டையும் தள்ளிவிட்டுப் போய்விடுவோம்.

5. பதிவுகள் எங்கே?

இது சட்டம் சார்ந்தது. செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுப்படி, ஐசிடி அமைப்புகளின் லாகுகளை 180 நாள் பாதுகாக்க வேண்டும். குறிப்பிட்ட வகை இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தளம் படுத்தது கோளாறாலா, தாக்குதலாலா என்று சொல்ல லாகுகள்தான் கைகொடுக்கும்.

அதைப் பிரித்தறிவது எளிதல்ல. நவம்பர் 18 அன்று கிளவுட்ஃப்ளேர் பொறியாளர்களே முதலில் தாக்குதலோ என்றுதான் சந்தேகித்தார்கள். தங்கள் கட்டமைப்புக்கு வெளியே வைத்திருந்த நிலவரப் பக்கமும் தற்செயலாக அதே நேரத்தில் விழுந்ததுதான் குழப்பம். உண்மையில், டேட்டாபேஸ் அனுமதியில் செய்த ஒரு மாற்றத்தால் ஒரு கோப்பு இரண்டு மடங்கு பெருத்து, அதை வாசிக்கும் மென்பொருள் நொறுங்கியிருந்தது. எல்லாம் சீராக இரவு 10.36 ஆனது.

எனவே வெளியே ஒரு கண் வைத்தால் மட்டும் போதாது, அது வேலை செய்கிறதா என்றும் பார்க்கணும். கூட்டம் இல்லாத ஒரு நேரம் பார்த்து, டீமிடம் சொல்லிவிட்டு, சர்வரை நீங்களே நிறுத்திப் பாருங்கள். எத்தனை நிமிடத்தில் யார் போன் அடிக்கிறது என்று எண்ணுங்கள். அடிக்கவே இல்லையென்றால், உங்களிடம் கண்காணிப்பு இல்லை என்றுதான் அர்த்தம்.