அணில் சுடுற துப்பாக்கியா? ஆமாங்க, அதேதான்!

பச்சை அட்டை கைக்கு வந்ததும் நம்ம டெக்சாஸ் மக்கள் சில பேருக்குத் துப்பாக்கி ஆசை வந்துடுது. தப்பில்லை. சண்டைக்குப் போகப் போறதில்லை, சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போய்க் காகிதத்துல ஓட்டை போடணும், அவ்வளவுதான். ஆனா கடையில போய் .22-ன்னு வாயைத் திறந்தா, "அணில் சுடவா?"ன்னு நக்கல். உடனே நம்மாளுக்கு மானப் பிரச்சனை. 9 எம்எம், இல்லேன்னா .45-ஓட திரும்பி வர்றார்.

நானும் இப்படி ஏமாந்தவன்தான். முதல்ல வாங்கினது .40. தங்கமணியை ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போய் அதையே கையில குடுத்தேன். ஒரே ஒரு வெடி. மேஜை மேல வெச்சுட்டு, "வீட்டுக்குப் போலாம்"னாங்க. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே வரலை. தப்பு அவங்க மேலயா?

என் கதை அதைவிட மோசம். எனக்குத் தெரியாம நண்பர் ஒருத்தர் மேகசின் நடுவுல ஒரு போலித் தோட்டாவைச் சொருகிட்டார். விசையை அழுத்தினேன், வெடிக்கலை. ஆனா குழல் மட்டும் சடார்னு கீழே குனிஞ்சுது! உதைக்கப் போகுதேன்னு கை முன்கூட்டியே பயப்படுது. பெரிய தோட்டாவுல பழகினா முதல்ல பழகுறது இந்தப் பயம்தான்.

கணக்கு பாருங்க. .22 லாங் ரைபிளின் குண்டு சுமார் 2.6 கிராம், 9 எம்எம்ல வழக்கமா 7.5 கிராம். உதை எங்கே இருக்கும்னு நான் சொல்லணுமா? விலையும் அப்படித்தான், ஒரு 9 எம்எம் தோட்டா காசுக்கு .22 சுமார் மூணு வாங்கலாம். பொம்மைங்கறீங்களா? 2012 லண்டன் ஒலிம்பிக்ல நம்ம விஜய் குமார் 25 மீட்டர் ரேபிட் ஃபயர்ல வெள்ளி வாங்கினது .22-லதான் சாமி.

ஆனா சின்னதெல்லாம் மலிவுன்னு நினைச்சுடாதீங்க. .25 ஏசிபி தோட்டா பார்க்கத்தான் சுண்டைக்காய், விலை 9 எம்எம்மை மிஞ்சும். .22 மேக்னமும் வேற சாதி, லாங் ரைபிள் துப்பாக்கியில அதைப் போடக் கூடாது. பாக்கெட்ல அடங்குற குட்டியும் வேணாம். குழல் குட்டையானா முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி குறையும், சின்னத் தப்பும் காகிதத்துல பெருசாத் தெரியும். ருகர் மார்க் 4, பிரவுனிங் பக் மார்க் மாதிரி நீளக் குழல், ஒரு கிலோ கனம், இதைப் பாருங்க. மார்க் 4 (2016-ல வந்தது) ஒரு பட்டனை அழுத்தினா பிரிஞ்சு வந்துடும். அதுக்கு முந்தைய மார்க்குகளைத் துடைச்சு மறுபடி மாட்டினவங்களுக்குத் தெரியும் அந்தப் பட்டனோட அருமை :-)

குறையும் உண்டு. மருந்து விளிம்புல இருக்கறதால அப்பப்போ தோட்டா வெடிக்காம போகும். அப்போ உடனே குழலைத் திருப்பிப் பார்க்காதீங்க, இலக்கு பக்கமே நீட்டிக் கொஞ்சம் காத்திருங்க. சின்னதுன்னு அலட்சியமும் வேணாம், ஒரு மைலுக்கு மேல போகும், ஆளையும் கொல்லும்.

.40-ஐ வித்துட்டேன், நஷ்டத்துலதான். மார்க் 4 வந்தாச்சு. நேத்து தங்கமணி எட்டிப் பார்த்து, "இது உதைக்குமா?"ன்னாங்க. சனிக்கிழமை கூட வர்றாங்களாம்.