ஆய்வகத் தராசுக்கு ஓய்வு கொடுக்கலாமா?

மின்னணுத் தராசு வந்துவிட்ட பிறகு, கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் இரட்டைத் தட்டுத் தராசு எதற்கு என்று பலர் கேட்கின்றனர். பொருளை வைத்ததும் எண் தெரிகிறது. அப்படியிருக்க, ஒரு பீரியட் முழுவதும் குறிமுள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்பானேன்? கேள்வி நியாயமானதே. எடை போடுவதிலேயே நேரம் கழிந்தால் சோதனையை எப்போது செய்வது? ஆயினும், அந்தத் தராசைப் பழைய சாமான்காரரிடம் ஒப்படைப்பது தவறு என்பது என் கருத்து.

மாணவியரே, அதன் பெட்டியைத் திறந்து பாருங்கள். குறுக்கே இருக்கும் பித்தளைத் தண்டின் நடுவில் அகேட் கல்லாலான கத்திமுனை ஒன்று கீழ்நோக்கி இருக்கும். இரு நுனிகளிலும் மேல்நோக்கிய கத்திமுனைகள் உண்டு. தட்டுகள் அவற்றில்தான் தொங்குகின்றன. கைப்பிடியைத் திருப்பினால்தான் தண்டு கல்மீது அமர்ந்து ஆடத் தொடங்கும். தண்டு ஆடும்போது எடைக்கல்லை வைத்தால் முனை மழுங்கிவிடும். "முதலில் நிறுத்து, பிறகு வை" என்று ஆசிரியைகள் ஓயாமல் சொல்வது இதனால்தான். எடைக்கல்லை இடுக்கியால் எடுப்பதும் வெறும் சம்பிரதாயமன்று. விரலின் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் அதில் ஒட்டினால் எடை மாறிவிடும்.

மில்லிகிராம் கணக்குக்கு ஓர் அழகான ஏற்பாடு உண்டு. 10 மில்லிகிராம் எடையுள்ள சிறு கம்பி வளையம் ஒன்றைத் தண்டின் மீது நகர்த்துவார்கள். அதற்கு ரைடர் என்று பெயர். நடுவிலிருந்து நுனிவரை 10 பிரிவுகள். மூன்றாம் பிரிவில் அமர்ந்தால் அது 3 மில்லிகிராமுக்குச் சமம். நெம்புகோல் தத்துவத்தைப் புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்த பெண்ணுக்கு, அதைக் கண்ணால் காண இதைவிட நல்ல இடம் ஏது?

இனி அந்தக் குறிமுள். அது நிற்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஆடும்போதே கணக்கிடலாம். இடப்பக்கம் 4, வலப்பக்கம் 16, மீண்டும் இடம் 5, வலம் 15, இடம் 6 என்று முள் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். இட எண்களின் சராசரி 5. வல எண்களின் சராசரி 15.5. இவ்விரண்டின் நடு 10.25, முள் நிற்கப்போகும் இடம் அதுதான். முதல் இரண்டு எண்களை மட்டும் பார்த்திருந்தால் 10 என்றல்லவா சொல்லியிருப்போம்! ஆட்டம் சிறிது சிறிதாகத் தேய்வதால், ஒரு பக்கம் மூன்றும் மறுபக்கம் இரண்டுமாக எடுத்தால்தான் கணக்கு சரியாக வரும்.

தண்டின் இரு கைகளும் இம்மியளவு நீள வேறுபாடு உடையனவாக இருந்தால்? பொருளை ஒருமுறை இடத்தட்டிலும் மறுமுறை வலத்தட்டிலும் வைத்து நிறுக்க வேண்டும். இரு விடைகளையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் உண்மை எடை கிடைக்கும். இம்முறை கணித மேதை காஸின் பெயரால் வழங்குகிறது. நம் பாட்டிமார் சந்தையில் "தட்டை மாத்திப் போடப்பா" என்று கடைக்காரரிடம் சொன்னதும் ஏறக்குறைய இதுவே. அவர்கள் வர்க்கமூலம் காணவில்லை, அவ்வளவுதான்.

மின்னணுத் தராசு மட்டமானதென்று நான் சொல்லவில்லை. காந்தப்புலத்திலுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டம் செலுத்தித் தட்டைத் தாங்கி நிறுத்தும் நுட்பமான கருவி வகை அது. ஆனால் அது அளப்பது புவி இழுக்கும் விசையை. கடலோரத்தில் சரிசெய்த தராசை அப்படியே கொடைக்கானலுக்குக் கொண்டுபோனால், 100 கிராம் எடைக்கல்லைச் சில பத்து மில்லிகிராம் குறைத்துக் காட்டும். அங்கே மீண்டும் ஓர் எடைக்கல்லை வைத்துச் சரிசெய்ய வேண்டும். இரட்டைத் தட்டுத் தராசுக்கு இந்தக் கவலை இல்லை. இழுவிசை குறைந்தாலும் இரு தட்டுகளுக்கும் ஒன்றுபோல்தானே குறையும்! நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கக் கரும்பலகையைவிட இது மேல்.

எடை போடுவதில் என்ன பெரிய விஷயம் என்று நினைப்போருக்கு ராலே பிரபுவைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தைச் சேர்ந்த இந்த விஞ்ஞானி கண்ணாடிக் குடுவையில் நைட்ரஜனை நிரப்பி நிறுத்தார். மறுபக்கம் ஈடாகத் தொங்கியது இன்னொரு குடுவை. காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன் லிட்டருக்கு 1.2572 கிராம், இரசாயனப் பொருள்களிலிருந்து எடுத்தது 1.2505 கிராம். வித்தியாசம் 7 மில்லிகிராம்கூட இல்லை. "கைத்தவறு" என்று விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. தம் தராசின் ஒவ்வொரு குறையையும் அறிந்திருந்ததால், இந்த வேறுபாடு தராசினுடையது அன்று என்று சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது. 1892-இல் விளக்கம் கேட்டு நேச்சர் இதழுக்குக் கடிதம் எழுதினார். 1894-இல் ராம்சேயும் அவரும் ஆர்கானை அறிவித்தனர். 1904-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். அவர் பௌதிகத்துக்கு, ராம்சே இரசாயனத்துக்கு.

எண் மட்டும் மின்னும் கருவியில் பழகிய பிள்ளைக்கு அந்த எண்ணைச் சந்தேகிக்கத் தெரியுமா? என் அச்சம் இதுதான்.

எல்லாச் சோதனைகளுக்கும் பழைய தராசையே வைத்து நேரத்தைக் கரைக்க வேண்டாம். ஓர் ஆய்வகத்தில் ஒன்று போதும். ஒன்பதாம் வகுப்பில் இருவர் இருவராக ஆண்டுக்கு இரண்டு பீரியட் அதில் நிறுக்கட்டும். பிறகு அதே பொருளை மின்னணுத் தராசில் வைத்து, இரு விடைகளையும் ரெக்கார்டு நோட்டில் அருகருகே எழுதட்டும். எடைப்பெட்டியில் காணாமற்போன மில்லிகிராம் தகடுகளை வாங்கச் சிறு தொகைதான் ஆகும். பெற்றோர் சங்கம் மனம் வைத்தால் முடியும். பெட்டிக்குள் இருக்கும் நீல சிலிகா ஜெல் வெளிறிச் சிவந்துவிட்டால், சூடாக்கிக் காயவைத்து மீண்டும் வைக்கும் பொறுப்பை மாணவியரே முறைவைத்து ஏற்கலாம்.