ஆட்டத்தின் சட்டம் யாருடையது?

குழந்தைகளின் விளையாட்டைப் பற்றிக் கவலைப்படுவது இப்போது ஒரு கௌரவமான காரியமாகிவிட்டது. மேடையில் கவலைப்படுகிறார்கள், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் கவலைப்படுகிறார்கள், பேரன் கையிலிருந்த செல்போனைப் பிடுங்கி வைத்துவிட்டுத் தம்முடைய செல்போனில் அந்தக் கவலையை எழுதி நாற்பது பேருக்கு அனுப்பி வைக்கிறார்கள். எல்லோருடைய கட்சியும் ஒன்றுதான். அந்நிய யந்திரம் வந்தது. நம் பாண்டியும் பல்லாங்குழியும் செத்தன. ஆகவே யந்திரத்தைத் துரத்திவிட்டு நம் பழைய ஆட்டங்களைக் காப்பாற்ற வேண்டும் என்கிறார்கள்.

இந்தக் கட்சியில் நான் இல்லை. யந்திரத்தை வைகிற பெரியவர்கள் அந்த யந்திரத்தை ஒரு நாளாவது உட்கார்ந்து கவனித்தவர்களாக எனக்குப் படவில்லை. அது போகட்டும். பாண்டியைப் புகழ்கிறவர்களுக்கும் பாண்டி எதனால் உயிரோடு இருந்தது என்பது தெரியவில்லை. யந்திர ஆட்டத்தைக் கெடுத்ததும், இனிமேல் பாண்டியைக் கெடுக்கப் போவதும் ஒரே வியாதிதான் என்பது என் வாதம். அதற்கு ஒரு யந்திர ஆட்டத்தையே சாட்சிக்கு அழைக்கிறேன். பாண்டிக்கு அது ஒன்றுவிட்ட தங்கை மாதிரி.

1982-இல் அமெரிக்காவில் காட்லீப் என்ற கம்பெனி ‘க்யூபர்ட்’ என்று ஒரு விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. கடையில் ஆள் உயரத்துக்கு நிற்கும். காசு போட்டால் ஆடலாம். திரையிலே படிக்கட்டுக் கோபுரம் ஒன்று: உச்சியில் ஒரு கட்டை, அதற்குக் கீழே இரண்டு, அப்புறம் மூன்று என்று ஏழு வரிசை, ஆக 28 கட்டைகள். ஒவ்வொரு கட்டைக்கும் மேல் முகமும் இரண்டு பக்க முகங்களும் தெரிகிறாற்போலச் சாய்த்து வரைந்திருக்கும். தூரத்துக் கட்டை சிறுத்துத் தெரிவதில்லை. எல்லாம் ஒரே அளவு. தட்டையான கண்ணாடியைக் கண் மலை என்று நம்பிவிடுகிறது. கோலம் போடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய வித்தையல்ல. சாய்சதுரங்களை நெருக்கிப் போட்டு வர்ணம் கொடுத்தால் பெட்டி அடுக்கினாற்போலத் தெரிவதை நம் பெண்கள் வாசலிலேயே கண்டிருக்கிறார்கள்.

அந்தக் கோபுரத்தின் மேல் குழாய் மூக்கோடு ஓர் ஆரஞ்சு நிறப் பிராணி. அதற்குக் கை கிடையாது; குதிக்கத்தான் தெரியும். குதித்த கட்டையின் மேல் முகம் நிறம் மாறும். 28-ம் மாறினால் அந்த ஆட்டம் முடிந்தது. அடுத்தது இன்னும் கடினம். ஒரே கட்டையில் இரண்டு தரம் குதிக்க வேண்டும். பிறகு, மாறின கட்டையை மறுபடி மிதித்தால் பழைய நிறத்துக்கே திரும்பிவிடும். நடுவே மேலிருந்து பந்துகள் உருளும். ஊதாப் பந்து ஒன்று அடிவரிசைக்குப் போய், முட்டை பொரிந்ததுபோல் பாம்பாகித் துரத்தும். ஓரத்தில் மிதக்கும் தட்டில் தாவிப் பிராணி தப்பித்தால், பின்னாலே தாவுகிற பாம்பு வெற்றிடத்தில் விழுந்து தொலையும். விளிம்பு தப்பினால் நாமும் விழுவோம். அப்போது பெட்டிக்குள்ளேயே மரத்தில் ‘டொக்’ என்று ஒரு சுத்தி அடிக்கும். இவ்வளவுதான் ஆட்டம். ஒற்றைக் காலில் கட்டத்துக்குக் கட்டம் தாவி, கோட்டை மிதிக்காமல், மலையேறி, பழம் எடுக்கிற பாண்டிக்கு இது உறவு என்று நான் சொன்னதில் பிசகு உண்டா?

இந்த ஆட்டத்தைச் செய்தவர்கள் பெரிய தத்துவம் பேசிச் செய்யவில்லை. ஜெஃப் லீ என்ற சித்திரக்காரர் டச்சு ஓவியர் எஷரின் கண்கட்டுப் படங்களில் மனம் பறிகொடுத்துக் கட்டைகளையும் பிராணிகளையும் வரைந்தார். வாரன் டேவிஸ் என்பவர் அதை ஆட்டமாக்கினார். சத்தம் அமைத்த டேவிட் தீலுக்கு ஒரு செயற்கைப் பேச்சுக் கருவியைக் கொடுத்து இங்கிலீஷ் பேச வைக்கச் சொன்னார்கள். அது சரியாகப் பேசவில்லை. சலித்துப்போய், ஒலிகளைத் தாறுமாறாகக் கலந்துவிட்டார். அடிபட்டதும் அந்தப் பிராணி வைகிற வசவு எந்தப் பாஷையிலும் இல்லை. ஆனால் எல்லாப் பாஷைக்காரனுக்கும் புரிந்தது. கதை எழுதுகிறவன் பொறாமைப்பட வேண்டிய சாதனை இது. யந்திரம் என்றாலே ஆத்மா இல்லாத சரக்கு என்கிறவர்கள் இந்த வசவை ஒரு முறை கேட்டுவிட்டு மேடை ஏறட்டும்.

ஆட்டம் பிரமாதமாக ஓடியது; சுமார் 25,000 பெட்டிகள் விற்றதாகக் கணக்கு. வியாதி அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

1983-இல் வீட்டு டெலிவிஷனில் ஆடும் பதிப்பு வந்தது. அட்டாரியின் சிறிய பெட்டியில் இடம் போதாமல் ஏழு வரிசை ஆறாகக் குறைந்தது. அது யந்திரத்தின் ஏழைமை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். அதே வருஷம், கட்டைகளே உருளுகிற வேறொரு பதிப்பைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள்; ஜனங்கள் அவ்வளவாகச் சீந்தவில்லை. 1992-இல் வேறு வேறு வடிவத்தில் மேடைகள். 1999-இல் முப்பரிமாண ஜோடனை. 2014-இல் அறுகோணக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்று கூடியிருக்கிறது. நிறம் கூடிற்று, திசை கூடிற்று, நகை கூடிற்று. ஒன்றாவது பழைய ஆட்டத்தின் இடத்தைப் பிடித்ததா என்றால் இல்லை. ஞாபகத்தில் நிற்பது இன்னும் அந்த 28 கட்டைகள்தாம்.

ஏன் இப்படி ஆயிற்று? சாமர்த்தியம் குறைந்துவிட்டதா? இல்லை. இந்தத் திருத்தங்களை யார் எதற்காகச் செய்தார்கள் என்று பாருங்கள். காட்லீப் அன்றைக்குக் கொலம்பியா சினிமாக் கம்பெனியின் சொத்து. 1982-இல் அந்தச் சினிமாக் கம்பெனியைக் கோக்கோ கோலாக் கம்பெனி வாங்கிற்று. 1983-இல் காட்லீப்புக்குப் பெயர் மாறியது; 1984-இல் கடையே மூடியாயிற்று. 1989-இல் கொலம்பியா ஜப்பானின் சோனியிடம் போனபோது ஆரஞ்சு நிறப் பிராணியும் கூடவே போயிற்று. மாடு கைமாறினால் கன்றும் போகிறதல்லவா? கைமாறுகிற சொத்தை அவ்வப்போது தூசி தட்டிப் புது வர்ணம் பூசி வைக்க வேண்டியது உடைமைக்காரனின் தேவை. ‘இந்த ஆட்டத்துக்கு என்ன குறை?’ என்று ஆடுகிறவன் கேட்ட கேள்வியிலிருந்து அந்தப் பதிப்புகள் பிறக்கவில்லை. ‘இந்தப் பெயரை வைத்து இன்னும் என்ன விற்கலாம்?’ என்ற கேள்வியிலிருந்து பிறந்தன.

ஆட்டத்துக்குள்ளிருந்து அந்த முதல் கேள்வியைக் கேட்ட மனிதர் ஒருவர் இருந்தார். அவர் வேறு யாருமல்ல, வாரன் டேவிஸேதான். தம்முடைய ஆட்டம் தேர்ந்த ஆட்டக்காரர்களுக்குச் சுலபமாக இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. 1983-இல் ‘இன்னும் வேகம், இன்னும் கடினம், இன்னும் சவால்’ என்ற அர்த்தத்தில் பெயர் வைத்துத் தாமே ஒரு திருத்தப் பதிப்பைச் செய்தார். அது கடைக்கு வரவில்லை, கைவிடப்பட்டது. பதிமூன்று வருஷம் கழித்து, 1996-இல், டேவிஸ் அந்த நிரலை எல்லோரும் எடுத்து ஆடும்படி வெளியே விட்டார். விற்பதற்குச் செய்த பதிப்புகள் கடையில் ஏறின. ஆட்டத்தின் மேலுள்ள அக்கறையால் செய்த பதிப்பு பெட்டியில் கிடந்தது. இதை விடவா எனக்கு வேறு சாட்சி வேண்டும்?

இப்போது எருமப்பட்டிக்கு வாருங்கள். நாமக்கல்லிலிருந்து துறையூர் போகிற சாலையில், கொல்லிமலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஊர். அங்கே தெருவில் ஒரு பெண் ஓட்டாஞ்சில்லை எடுத்துக் கட்டம் கீறினால் அந்த ஆட்டத்துக்கு எந்தக் கம்பெனி உடைமைக்காரன்? அது பாண்டியா, நொண்டியா, சில்லா என்று பெயரில் கூட ஒற்றுமை கிடையாது. கட்டம் எட்டா, பத்தா, நடுவில் சிறகு விரிக்கிற ஏரோப்ளேன் பாண்டியா? சில்லைக் காலால் தள்ள வேண்டுமா, குனிந்து கையால் எடுக்கலாமா? சில்லை நெற்றியில் வைத்துக்கொண்டு, அண்ணாந்து, ‘ரைட்டா?’ என்று கேட்டு நடக்கும்போது எத்தனை தப்படிக்கு மன்னிப்பு உண்டு? இந்தத் தெருவில் ஒரு சட்டம், அடுத்த தெருவில் வேறு சட்டம். மாமன் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்த சேந்தமங்கலத்துப் பெண் தன் ஊர்ச் சட்டத்தைக் கொண்டுவருகிறாள்.

“எங்கூர்ல இதுக்கு அவுட்டில்ல புள்ள!”

“இது எங்கூரு. கோட்டை மிதிச்சா அவுட்டுத்தான்!”

கால் மணி நேரம் சண்டை. அப்புறம் ஓர் உடன்பாடு: சின்னக் குழந்தைகளுக்கு இரண்டு கால் ஊன்றலாம், பெரியவர்களுக்கு இல்லை. இந்தக் கால் மணியை வீண் என்று நினைக்கிறவருக்குப் பாண்டி என்றால் கால் வலிமைக்கான தேகப்பயிற்சி. எனக்கோ அந்தக் கால் மணிதான் ஆட்டத்தின் உயிர். எட்டு வயசிலே ஒரு பெண் சட்டம் கொண்டுவருகிறாள், எதிர்ப்பைக் கேட்கிறாள், விட்டுக்கொடுக்கிறாள், நிறைவேற்றுகிறாள். வேறு எந்த இடத்தில் அவளை இதற்கு விடுகிறோம்? வீட்டில் அவள் சொல் எடுபடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் கை கட்டி உட்கார வேண்டும்.

இன்னொன்று. பழம் எடுத்தவள் முதுகைக் காட்டி நின்று சில்லை வீசுகிறாள். அது விழுந்த கட்டம் அவளுடையது. மற்றவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் மட்டும் அங்கே இரண்டு காலையும் ஊன்றி இளைப்பாறலாம். சொத்தில் பெண்ணுக்குச் சமபங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-இல். நாடு முழுவதற்குமாக வந்தது 2005-இல். அதற்கெல்லாம் காத்திராமல் தெருப்புழுதியிலே தன் பெயருக்கு ஒரு கட்டம் எழுதிக்கொண்டவள் இவள்.

இந்த ஆட்டத்தைத்தான் நம் அன்பர்கள் காப்பாற்றப் போகிறார்கள். எப்படி? வழவழப்பான விரிப்பில் கட்டங்களையும் எண்களையும் அச்சடித்து, பிளாஸ்டிக் சில்லோடு உறையில் போட்டு, ‘பாரம்பரிய விளையாட்டு’ என்று முத்திரை குத்தி விற்கிறார்கள். உள்ளே விதிகள் அச்சடித்த சீட்டு. ஆண்டு விழாவிலே பாண்டிப் போட்டி. விசில் ஊத ஒரு மாஸ்டர். ஜெயித்தவளுக்கு எவர்சில்வர் டம்ளர். விரிப்பிலே கட்டத்தைக் கூட்ட முடியாது. மாஸ்டரிடம் சட்டத்தைப் பற்றிச் சண்டை போட முடியாது. சேந்தமங்கலத்துப் பெண் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். 1983-இல் கோபுரத்துக்கு நேர்ந்தது இன்றைக்குப் பாண்டிக்கு நேருகிறது. அங்கே கம்பெனி, இங்கே கலாசாரம். உடைமைக்காரனின் சட்டை வேறு, ஆசாமி ஒருவன்தான்.

“எழுதி வைக்காவிட்டால் அழிந்துபோகாதா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தேவநேயப் பாவாணர் 1954-இல் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். அப்போது அவர் சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். எந்த நாட்டில் எந்த ஆட்டம், அதற்கு என்ன பெயர், எப்படி ஆடுகிறார்கள் என்று வகை வகையாகப் பதிந்து வைத்திருக்கிறார். அந்தப் புத்தகம் நமக்குப் பொக்கிஷம். ஆனால் அவர் செய்தது பதிவு, தீர்ப்பு அல்ல. ஊருக்கு ஊர் வேற்றுமை உண்டு என்று எழுதி வைக்கிறவன் ஆட்டத்துக்கு நண்பன். ‘இதுதான் சரி, மற்றது பிழை’ என்று அச்சடிக்கிறவன் அப்படியல்ல.

“அப்படியானால் ஆளுக்கு ஆள் சட்டத்தை மாற்றி ஆட்டமே கலைந்துவிடுமே?” என்பார் இன்னொருவர். கலையாது. ஆடுகிறவர்கள் மாற்றுகிற சட்டத்துக்கு ஒரு காவல் உண்டு: ஆட்டம் ருசிக்காவிட்டால் மறுநாளே அதைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். விற்கிறவன் மாற்றுகிற சட்டத்துக்கு அந்தக் காவல் இல்லை; கிடங்கிலே சரக்குத் தீருகிற வரை அது சட்டமாகவே இருக்கும். டேவிஸ் தம் ஆட்டத்தைத் தாமே ஆடிப் பார்த்துத் திருப்தியில்லாமல் திருத்தினார் அல்லவா? அவர் அந்த நேரத்தில் எருமப்பட்டிப் பெண்ணின் ஜாதி. அவருக்கு நான் கும்பிடு போடுவேன். அவர் அமெரிக்கர், ஆட்டம் யந்திரத்தில் நடக்கிறது என்பதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டல்ல.

நாவல் வாசகர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள அதிக விளக்கம் வேண்டியதில்லை. அர்ஜெண்டீனாவின் ஹூலியோ கொர்த்தாஸார் 1963-இல் ஒரு நாவல் வெளியிட்டு அதற்குப் ‘பாண்டி’ என்றே பெயர் வைத்தார், ஸ்பானிஷில் ‘ரயுவேலா’. வரிசையாகவும் படிக்கலாம், தாவித் தாவி வேறு வரிசையிலும் படிக்கலாம் என்று வாசகரிடமே விட்டார். உலகத்தில் எத்தனையோ ஆட்டம் இருக்க இந்த ஆட்டத்தின் பெயர் அந்தப் புத்தகத்துக்குப் பொருந்தியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே, காப்பாற்ற வந்த அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். விரிப்பு வேண்டாம், விசில் வேண்டாம், கோப்பை வேண்டாம். சாயங்காலம் ஒரு மணி நேரம் வாசலில் நிற்கிற உங்கள் மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள். சிமெண்டுத் தெருவிலே சுண்ணாம்புக் கோடு கிழித்தால் அசிங்கம் என்று அதட்டாதீர்கள். ‘பெரிய பெண்ணாகிவிட்டாள், தெருவில் என்ன குதி?’ என்று பன்னிரண்டு வயசுக்காரியை உள்ளே இழுக்காதீர்கள். சண்டைச் சத்தம் கேட்டால் தீர்ப்புச் சொல்ல எழுந்து வராதீர்கள். மழை நாளில் அவளே செல்போனை எடுத்துக் கட்டைக் கோபுரத்தில் குதித்து விளையாடினாலும் பதறாதீர்கள். பாம்பை எந்த மூலைக்கு இழுத்து வந்து விழச் செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.